பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு வாரிசு: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

பெரம்பூர், அயனாவரம் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் சிலர் எனக்குப் பழக்கம். ஸ்பெக்ட்ரம் மாதிரி 1980களின் எட்டு பிட் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மேல் அவர்களுக்கு இப்போது பெரிய ஆசை வந்திருக்கிறது. "அண்ணா, பழைய ஸ்பெக்ட்ரம்ல பிராசசரை மட்டும் வேகமானதா மாத்தி, மெமரியைக் கூட்டி, எச்.டி.எம்.ஐ. வச்சுட்டா புது மாடல் ரெடிதானே?" என்று கேட்டார் ஒருவர். இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. பழைய மிஷினின் வழியில் வரும் புது மாடல், அதாவது கனவு வாரிசு என்று பேச்சு வந்தாலே மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு, மெகாபைட் எவ்வளவு என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

அப்படியே ஒரு மிஷினைச் செய்து, பழைய கேம் ஒன்றை அதில் ஏற்றிப் பாருங்கள். கேம் கண்மண் தெரியாத வேகத்தில் ஓடும். இசை கீச்சுக்குரலில் கேட்கும். பல கேம்கள் தொடங்கவே தொடங்காது. வேகமும் மெமரியும் கூடினால் எல்லாம் மேம்படத்தானே வேண்டும், ஏன் இப்படி ஆகிறது? அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலில் மிஷினைப் பார்ப்போம்

வீட்டுக் கம்ப்யூட்டர் என்பது 1970களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை விற்ற ஒரு வகை. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் இருக்கும். திரைக்கு வீட்டு டிவி, புரோகிராமைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் அதே டேப் ரெக்கார்டர். கொமோடோர் 64, பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம் எல்லாம் இந்த வகைதான். 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ.

நாம் ஸ்பெக்ட்ரத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 1982 ஏப்ரலில் பிரிட்டனில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் வெளியிட்டது. இசட்80 பிராசசர், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம், 16 அல்லது 48 கிலோபைட் மெமரி. இன்றைய ஒரு வாட்ஸப் படம்கூட அந்த மெமரிக்குள் அடங்காது. ஆனால் ஆயிரக்கணக்கான கேம்களும் புரோகிராம்களும் அதற்காக எழுதப்பட்டன.

இந்த மிஷின்களுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டை காய்ந்து விரிசல் விடுகிறது. மின்தேக்கிகள் வறண்டுபோகின்றன. ராயபுரம், காசிமேடு மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடமென்றால் கனெக்டர்களில் பச்சை பிடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1976-லிருந்து விற்பனையில் இருந்த இசட்80 சிப்பையே ஜைலாக் நிறுவனம் நிறுத்தப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. ஆக, வாரிசு பற்றிய பேச்சில் ஆசை மட்டும் இல்லை, அவசரமும் இருக்கிறது.

பெட்டி மாறியது, தண்டவாளம் மாறவில்லை

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ரயில் பெட்டியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பில் அங்கே செய்த பெட்டிகள்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாடு முழுக்க ஓடின. 2018 ஜனவரியோடு அந்தப் பழைய வடிவத்தை அங்கே செய்வதை நிறுத்தினார்கள். அதன் இடத்துக்கு வந்தது எல்.எச்.பி. என்ற ஜெர்மன் வடிவமைப்பு.

புதிய பெட்டியில் என்னவெல்லாம் மாறியது? நீளம் இரண்டு மீட்டருக்கும் மேல் கூடியது. உடல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆனது. சக்கரத்தின் மேல் கட்டையை அழுத்தி நிறுத்திய பிரேக், டிஸ்க் பிரேக்காக மாறியது. மாறாதது, சக்கரங்கள் எந்த அகலத் தண்டவாளத்தில் ஓடும் என்ற அளவு: 1,676 மில்லிமீட்டர். அதில் ஒரு விரல் அளவு கூடியிருந்தாலும் பெட்டி ஷெட்டை விட்டு வெளியே வந்திருக்காது. ஏனென்றால் தண்டவாளம் பெட்டிக்குள் இல்லை. அது பேசின் பிரிட்ஜ் யார்டிலும், அதைத் தாண்டி நாடு முழுக்கவும் ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது.

மாற்றப்பட்ட இன்னொரு விஷயம் பெட்டிகளை இணைக்கும் கொக்கி. பழையதில் திருகு கொக்கி, புதியதில் நடுவில் மாட்டும் தானியங்கி இணைப்பு. அதனால் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் அப்படியே ஒரே வண்டியில் கலந்து கோக்க முடியாது. முழு வண்டியாகத்தான் மாற்ற வேண்டியிருந்தது. பொறியாளர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். இந்த இடத்தில் பொருத்தம் உடையும், அதற்கான செலவு இவ்வளவு, பரவாயில்லை என்று கணக்குப் போட்டு முடிவெடுத்தார்கள்.

கம்ப்யூட்டரிலும் இதே நிலைதான். பெட்டி என்பது மிஷின். தண்டவாளம் என்பது அந்த மிஷினுக்காக ஏற்கெனவே எழுதப்பட்டு உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் புரோகிராம்கள். அவற்றை எழுதியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது, யாரும் வந்து திருத்தி எழுதித் தரப்போவதில்லை. பழைய புரோகிராம் எந்த மாற்றமும் இல்லாமல் புதிய மிஷினில் ஓடுவதைப் பின்னோக்கிய இணக்கம் என்பார்கள். இனி இதைச் சுருக்கமாக இணக்கம் என்றே சொல்கிறேன்.

பர்மா பஜாரில் டிவி கேம் வாங்கியவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். 1983-ல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம் என்ற மிஷினின் நகல்கள்தான் அவை. பெட்டியின் மேல் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் நாம் கவலைப்படவில்லை. அந்த 60 முள் கேசட் உள்ளே போய் மேரியோ குதித்தால் போதும், நமக்கு அது அதே மிஷின்தான்.

இதுவரை பார்த்தது: வாரிசு செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது 'எதைக் கூட்டலாம்' என்பதை அல்ல. பழைய புரோகிராம்கள் மிஷினின் எந்தெந்த இடங்களைத் தொடுகின்றன என்பதைக் கேட்க வேண்டும். அந்த இடங்கள் எவை?

புரோகிராம் தொடும் இடங்கள்

கம்ப்யூட்டர் மெமரி என்பது வரிசையாக எண்ணிட்ட சின்னச் சின்ன இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். அந்த அளவுக்குப் பெயர் பைட். ஒரு பைட்டுக்குள் 0 அல்லது 1 என்று எட்டு இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு பிட். இடத்தின் வரிசை எண்ணுக்குப் பெயர் முகவரி. இசட்80 பிராசசருக்கு முகவரி சொல்ல 16 கம்பிகள். அதனால் அதிகபட்சம் 65,536 இடங்களைத்தான் அதால் பார்க்க முடியும். அதாவது 64 கிலோபைட். ஸ்பெக்ட்ரத்தில் 16 கிலோபைட் நிரந்தர மெமரிக்குப் போய்விட்டது. மிச்சம் 48. அந்தப் புகழ்பெற்ற 48 என்ற எண் வந்த வழி இதுதான்.

இந்த 48-ல் முகவரி 16384-லிருந்து தொடங்கும் 6,912 பைட்கள்தான் திரை. அங்கே ஓர் எண்ணை எழுதினால் டிவியில் புள்ளிகள் எரியும். முதல் 6,144 பைட்கள் புள்ளிகளுக்கு, கடைசி 768 பைட்கள் நிறத்துக்கு. எட்டுக்கு எட்டு புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறம். இதில் விசித்திரம், புள்ளி வரிசைகள் மெமரியில் மேலிருந்து கீழாக ஒழுங்காக அடுக்கப்படவில்லை. முதல் வரிசைக்கு அடுத்து மெமரியில் இருப்பது இரண்டாவது வரிசை இல்லை, ஒன்பதாவது வரிசை. புதிதாக வடிவமைக்கிற யாருக்கும் இதைப் பார்த்ததும் கை அரிக்கும், ஒழுங்காக அடுக்கிவிடலாமே என்று தோன்றும். அடுக்கினால் எல்லா கேமின் திரையும் சிதறிப்போகும். ஒவ்வொரு கேமும் அந்தக் கோணல் வரிசையைக் கணக்குப் போட்டுத்தான் படம் வரைகிறது.

அப்புறம் போர்ட். மெமரிக்கு வெளியே உள்ள கருவிகளோடு பிராசசர் பேசும் எண்ணிட்ட வழிகளுக்குப் போர்ட் என்று பெயர். ஸ்பெக்ட்ரத்தில் 254 என்ற போர்ட்டில் எழுதினால் திரையின் ஓர நிறம் மாறும், ஸ்பீக்கரும் அசையும். அதே போர்ட்டைப் படித்தால் எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

'விண்டோஸ் கம்ப்யூட்டரை மாற்றினால் இப்படி ஆவதில்லையே' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இன்று ஒரு புரோகிராம் திரையில் கோடு போட வேண்டுமென்றால் விண்டோஸையோ ஆண்ட்ராய்டையோ கேட்கிறது. நடுவில் அவர்கள் இருப்பதால் அடியில் உள்ள சிப் மாறியதே புரோகிராமுக்குத் தெரியாது. 1982-ல் அந்த நடுவர் இருந்தாலும் வேகம் போதாது. அதனால் கேம் எழுதியவர்கள் நேராக 16384-க்கே போய் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த வேகத்தில் நல்ல கேம் எழுத வேறு வழியே இருக்கவில்லை.

விளிம்பில் உள்ள சின்ன விஷயம்கூட இதில் கணக்குக்கு வரும். ஸ்பெக்ட்ரத்தின் இரண்டாம் பதிப்பு சர்க்யூட் போர்டுக்கும் மூன்றாம் பதிப்பு போர்டுக்கும் கீபோர்டைப் படிக்கும்போது ஒரே ஒரு பிட் வித்தியாசப்பட்டது. எந்த விசையும் அழுத்தாதபோது பழையதில் 255 வரும், புதியதில் 191. அந்த பிட்டுக்கும் கீபோர்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது டேப் ரெக்கார்டருக்கு உரியது. ஆனால் சில ஆரம்பகால கேம்கள் முழு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தன. புதிய போர்டில் அவை விசையை அறியாமல் நின்றுவிட்டன. அதே நிறுவனம், அதே மாடல், ஒரே ஒரு பிட்.

எல்லாவற்றிலும் கடினமானது நேரம்

முகவரியையும் போர்ட்டையும் பட்டியல் போட்டுக் காப்பாற்றிவிடலாம். நேரத்தைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. பேசுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான்.

பிராசசருக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. 3.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 35 லட்சம் துடிப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டு: எளியதற்கு 4, சிக்கலானதற்கு 20-க்கும் மேல். பழைய புரோகிராமர்கள் இந்தத் துடிப்புகளையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள்.

ஒலியை எடுத்துக்கொள்வோம். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் ஒலி சிப் கிடையாது. ஸ்பீக்கரை உள்ளே இழு, வெளியே தள்ளு, அவ்வளவுதான் தெரியும். 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமென்றால் நொடிக்கு 880 தடவை அந்த பிட்டை மாற்ற வேண்டும். அதாவது ஏறக்குறைய 3,977 துடிப்புக்கு ஒரு தடவை. புரோகிராம் வெறுமனே எண்ணிக்கொண்டே காத்திருந்து, சரியான இடத்தில் மாற்றும். பிராசசர் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த எண்ணிக்கை பாதி நேரத்தில் முடிந்துவிடும். சுரம் ஒரு முழு ஸ்தாயி மேலே போய்விடும். வாரிசில் இசை கீச்சென்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

திரை இன்னும் நுணுக்கம். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் ஒரு முழுப் படத்தை வரைய 69,888 துடிப்புகள் எடுக்கும். நொடிக்கு ஏறக்குறைய 50 படம். கெட்டிக்கார புரோகிராமர்கள் டிவி ஒரு வரியை வரைந்து முடித்து அடுத்த வரிக்குப் போகும் இடைவெளியில் நிறத்தை மாற்றி எழுதினார்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம் என்ற வரம்பை அப்படித் தாண்டினார்கள். துடிப்பு கொஞ்சம் பிசகினாலும் நிறம் தப்பான வரியில் விழும். இதோடு திரையை வரையும் சிப்பும் பிராசசரும் ஒரே மெமரிப் பகுதியைக் கேட்டால், பிராசசரைச் சில துடிப்புகள் நிறுத்திவைப்பார்கள். அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டு எழுதிய புரோகிராம்கள் உண்டு.

சின்க்ளேர் நிறுவனமே இதில் இடறியது. 128 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் 1985-ல் ஸ்பெயினிலும் 1986-ல் பிரிட்டனிலும் வந்தது. அதில் ஒரு படத்துக்கு 70,908 துடிப்பு. வித்தியாசம் 1,020. சாதாரண கேம்களுக்கு அது உறைக்கவே இல்லை. வரிக்கு வரி நிறம் மாற்றும் புரோகிராம்கள் மட்டும் கலைந்தன.

1990களில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்களின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கலாம். அழுத்தினால் வேகம் கூடும் என்றே பலரும் நம்பினோம். உண்மையில் முதல் ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பி எழுதிய பழைய புரோகிராம்களுக்காக, மிஷினை மெதுவாக்க வைத்த வசதி அது.

சுருக்கமாகச் சொன்னால், பழைய புரோகிராம் நம்பியிருப்பது மூன்றை: முகவரிகளின் அமைப்பு, போர்ட்களின் நடத்தை, துடிப்புகளின் எண்ணிக்கை. பிராசசரை வேகமாக்குவது மூன்றாவதை நேராக உடைக்கிறது.

பழையதைப் புதியதுக்குள் எப்படி வைப்பது?

வழக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பழைய சிப்பையே உள்ளே வைத்துவிடுவது. 2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-க்குள் முதல் பிளேஸ்டேஷனின் பிராசசர் அப்படியே இருந்தது. புதிய கேம் ஓடும்போது அது மற்ற கருவிகளைக் கவனிக்கும் எடுபிடி வேலை செய்யும். பழைய கேம் போட்டால் அதுவே முழுப் பொறுப்பையும் ஏற்கும். நல்ல வழி, ஆனால் சிப் கிடைக்க வேண்டும். இசட்80 நின்றுபோன பிறகு இதை நம்பி நூறு, இருநூறு மிஷின் செய்யலாம், அதற்கு மேல் கஷ்டம்.

இரண்டாவது வழி எமுலேட்டர். பழைய மிஷினின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அது செய்திருக்க வேண்டியதைத் தானே செய்துகாட்டும் புரோகிராம் இது. பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் நிறுவனம் 1987-ல் முற்றிலும் வேறான ஆர்ம் பிராசசரோடு ஆர்க்கிமிடீஸ் என்ற வாரிசைக் கொண்டுவந்தபோது, பழைய புரோகிராம்களுக்கு எமுலேட்டரைத்தான் நம்பியது. இன்று உங்கள் போனே ஸ்பெக்ட்ரத்தைத் தாராளமாக நடித்துக்காட்டும். ஒரே குறை, நடுவில் ஆண்ட்ராய்டு, திரை, புளூடூத் என்று பல அடுக்குகள் இருப்பதால் விசையை அழுத்துவதற்கும் திரையில் அசைவு வருவதற்கும் இடையே ஒரு சின்னத் தாமதம் சேர்ந்துவிடும். தாவிக் குதிக்கும் கேம்களில் அது கையில் தெரியும்.

மூன்றாவது வழிதான் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் எஃப்.பி.ஜி.ஏ. சிப் என்பது அடிப்படையில் 'இரண்டும் ஒன்றா, ஏதாவது ஒன்றா' என்று முடிவெடுக்கும் சின்னச் சின்ன சுற்றுகளின் கூட்டம். எஃப்.பி.ஜி.ஏ. என்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சுற்றுகளை எதனோடு எதை இணைப்பது என்று முடிவு செய்யாமல் வைத்திருக்கும் சிப். மின்சாரம் கொடுத்ததும் நாம் எழுதித் தந்த விளக்கத்தைப் படித்து, அதன்படி இணைந்துகொள்ளும். இன்று இசட்80 ஆகலாம், நாளை வேறொன்று ஆகலாம். 2020-ல் வாங்கியவர்கள் கைக்கு வந்த ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் இந்த வழியில் செய்யப்பட்டதுதான்.

'எஃப்.பி.ஜி.ஏ. என்றால் நிஜ மிஷின், எமுலேட்டர் என்றால் போலி' என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இது சரியில்லை. எஃப்.பி.ஜி.ஏ.வும் ஒருவர் எழுதிய விளக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. அந்த விளக்கத்தில் 69,888 என்பதை 70,000 என்று எழுதினால் அதுவும் தப்பாகவே ஓடும். அதன் உண்மையான பலம் வேறு: எல்லாச் சுற்றுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் தாமதம் சேராது, துடிப்புக்குத் துடிப்பு பொருத்துவதும் எளிது. கவனமாக எழுதிய எமுலேட்டர் ஒன்று அவசரமாக எழுதிய எஃப்.பி.ஜி.ஏ. விளக்கத்தைவிடப் பழைய மிஷினுக்கு நெருக்கமாக இருக்க முடியும்.

முன்னே வந்த வாரிசுகள்

சின்க்ளேர் 1984-ல் கியூ.எல். என்ற மிஷினைக் கொண்டுவந்தார். வேறு பிராசசர், 128 கிலோபைட் மெமரி, ஸ்பெக்ட்ரத்தோடு எந்த இணக்கமும் கிடையாது. லட்சக்கணக்கான ஸ்பெக்ட்ரம் வீடுகளில் இருந்த கேசட் ஒன்றுகூட அதில் ஓடாது. இரண்டே ஆண்டில் அது நின்றுபோனது. கோளாறுகளும் அவசர வெளியீடும் அதற்குக் காரணம்தான், ஆனால் ஏற்கெனவே ஸ்பெக்ட்ரம் வைத்திருந்தவர்களுக்கு அதை வாங்கப் பெரிய காரணம் இருக்கவில்லை. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் இளம் வயதில் வைத்திருந்த மிஷின்களில் ஒன்று இது என்பது தனிக் கதை.

எதிர்ப்பக்கம் கொமோடோர் 128. 1985-ல் வந்தது. ஒரு சொல் அடித்தால் அச்சு அசலாகக் கொமோடோர் 64 ஆக மாறிவிடும். நன்றாகவே விற்றது. ஆனால் கேம் எழுதுகிறவர் என்ன நினைத்தார்? 64-க்கு எழுதினால் இரண்டு மிஷின்காரர்களும் வாங்குவார்கள், 128-க்கு எழுதினால் ஒரு பகுதிதான் வாங்கும். அதனால் 128-ன் புதிய வசதிகளுக்கு எழுதியவர்கள் குறைவு. இணக்கம் முழுமையாக இருந்தால் இந்த ஆபத்தும் கூடவே வரும். புதிய பக்கத்துக்கு வர, புரோகிராமருக்கு ஏதாவது ஒரு பெரிய ஈர்ப்பு வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 128 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் செய்த ஒரு சின்ன ஏற்பாடு. 64 கிலோபைட்டுக்கு மேல் பார்க்க முடியாத பிராசசருக்கு 128-ஐ எப்படிக் காட்டுவது? மெமரியை 16 கிலோபைட் துண்டுகளாக எட்டாகப் பிரித்தார்கள். இந்தத் துண்டுக்குப் பேங்க் என்று பெயர். மேல்முனையில் உள்ள 16 கிலோபைட் இடத்தில் எந்தப் பேங்க் தெரிய வேண்டும் என்பதை 32765 என்ற போர்ட் முடிவு செய்யும். சரி, பழைய 48 கிலோபைட் கேம் ஒன்று தெரியாமல் அந்த போர்ட்டில் எதையாவது எழுதிவிட்டால்? அதற்கும் வழி வைத்தார்கள். அந்த போர்ட்டில் ஒரு பிட் பூட்டு. அதை ஒரு தடவை போட்டுவிட்டால், மிஷினை ரீசெட் செய்யும்வரை பேங்க் மாறாது. பழைய கேமுக்கு முன்னால் அந்தப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

என் கனவு மிஷின்

இனி என் முடிவுகளைச் சொல்கிறேன். சுவிட்சைப் போட்டதும் மிஷின் 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரமாகவே எழ வேண்டும். 3.5 மெகாஹெர்ட்ஸ், படத்துக்கு 69,888 துடிப்பு, கோணல் திரை வரிசை, எல்லாம் அப்படியே. புதிய வசதிகள் பூட்டியே இருக்கும். 1990 வாக்கில் கொமோடோர் செய்து, விற்காமலே கைவிட்ட கொமோடோர் 65-ல் இதற்கு அழகான வழி இருந்தது: ஒரு குறிப்பிட்ட முகவரியில் இரண்டு குறிப்பிட்ட எண்களை அடுத்தடுத்து எழுதினால்தான் புதிய திரை வசதி திறக்கும். பழைய புரோகிராம் தற்செயலாக அப்படி எழுத வாய்ப்பே இல்லை. அதையே எடுத்துக்கொள்வேன்.

திறந்த பிறகு வேகம் 14 மெகாஹெர்ட்ஸ். 3.5-ன் சரியான நான்கு மடங்கு என்பதால் திரையோடு துடிப்பு ஒத்துப்போகும். மெமரி ஒரு மெகாபைட், 64 பேங்க்குகள். அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை. ஓர் ஆள் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய மிஷினாக இருப்பதுதான் இந்த வகையின் அழகு.

திரைக்கு, 1983-ல் அமெரிக்காவில் டைமெக்ஸ் விற்ற ஸ்பெக்ட்ரம் உறவுக்கார மிஷினிலிருந்து இரண்டு முறைகளை எடுப்பேன். ஒன்று, எட்டுக்கு எட்டு கட்டத்துக்குப் பதில், எட்டுப் புள்ளி அகலமும் ஒரே ஒரு புள்ளி உயரமும் கொண்ட துண்டுக்கே தனி நிறம். இன்னொன்று, 512-க்கு 192 புள்ளி என்ற அகலத் திரை. இந்த இரண்டாவதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் தமிழ் அங்கேதான் எழுத முடியும்.

கொமோடோர் 128-க்கு இல்லாமல்போன ஈர்ப்பு என்று மேலே சொன்னேனே, என் மிஷினுக்கு அது தமிழ்தான். ஸ்பெக்ட்ரத்தில் ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டு புள்ளி. ஆங்கில எழுத்துக்கு அது போதும். 'ஞ'வையும் 'ணூ'வையும் எட்டு புள்ளிக்குள் எப்படி அடக்குவது? மேலே மெய்யெழுத்தின் புள்ளிக்கு இடம் வேண்டும், 'இ'கரச் சுழிக்கு இடம் வேண்டும், கீழே 'உ'கரம் இறங்க இடம் வேண்டும். நாமே வரைந்துகொள்ள ஸ்பெக்ட்ரம் தருவது 21 எழுத்துகள். தமிழின் உயிர், மெய், ஆய்தம் மட்டுமே 31. அகலத் திரையில் ஓர் எழுத்துக்கு 16-க்கு 16 புள்ளி வைத்தால், வரிக்கு 32 எழுத்து, 12 வரி. எழுத்துக்கு 32 பைட் என்று 128 வடிவங்கள் வைத்தாலும் 4 கிலோபைட்தான் ஆகும்.

எழுத்துகளுக்கு எண் கொடுப்பதில் ஒரு மோதல் இருக்கிறது. 1999-ல் தமிழக அரசு அறிவித்த 'டாப்' குறியீட்டில் 0 முதல் 127 வரை ஆங்கிலம், அதற்கு மேல் தமிழ். ஆங்கிலக் கோப்பு எதுவும் கெடாது. இணக்கத்துக்கு நல்ல உதாரணம் அது. ஆனால் ஸ்பெக்ட்ரத்தில் 165 முதல் 255 வரையுள்ள எண்கள் பேசிக் என்ற புரோகிராம் மொழியின் கட்டளைச் சொற்களுக்குப் போய்விட்டன. 245 என்றால் 'பிரிண்ட்'. அங்கே தமிழை வைத்தால் எழுதிவைத்த பேசிக் புரோகிராம் அத்தனையும் குலையும்.

எனவே தமிழ் எண்கள் பூட்டைத் திறந்த பிறகுதான் செல்லுபடியாகும். அங்கே டாப்பையும் விட்டுவிட்டு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்து எண் முறையான யூனிகோடுக்குப் பொருத்திவிடலாம். யூனிகோடில் தமிழ்ப் பகுதி 2944-லிருந்து 3071 வரை. ஒரு பைட்டில் 128 முதல் 255 வரை வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும்போது 2816-ஐக் கூட்டினால் போதும். 'அ' உள்ளே 133, வெளியே 2949. இந்த மிஷினில் எழுதியதை அப்படியே போனில் படிக்கலாம். 'கொ' மாதிரி இரண்டு பக்கமும் கொம்பும் காலும் வரும் எழுத்துகளை வரையும்போது இடம் மாற்றி வைக்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் அது பெரிய வேலை இல்லை.

மிச்சம் கீபோர்டு. ஸ்பெக்ட்ரத்தில் 40 விசைகள், அதில் எழுத்து விசை 26. தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையில் உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம் என்று 31 விசை தேவை. குறைகிற ஐந்தும் வலது ஓரத்தில் விழுகின்றன: ச, ஞ, ந, ய, ழ. பின்னால் வந்த 58 விசை ஸ்பெக்ட்ரம்களைப் போல, கூடுதல் விசையை அழுத்தினால் பழைய விசைகள் இரண்டைச் சேர்த்து அழுத்தியதாக மிஷினுக்குக் காட்டலாம்தான். ஆனால் அப்போது ஒரு கேமின் நடுவே 'ழ'வைத் தொட்டால் வேறெதுவோ நடக்கும். 254 போர்ட்டில் சும்மா கிடக்கும் பிட்களில் வைத்தால், அந்த 255, 191 சிக்கல் திரும்ப வரும். அதனால் இந்த ஐந்து விசைகளுக்கும் தனியாக ஒரு புதிய போர்ட். பூட்டைத் திறந்த புரோகிராமுக்கு மட்டும் அது தெரியும், பழைய கேமைப் பொறுத்தவரை கீபோர்டில் இன்னும் 40 விசைகள்தான்.